பாதி கழுவிய வண்டி

பில்லிங் சீட்டில் ஒன்பது வருடம் இருந்த என்னை எக்ஸ்சேஞ்ச் டெஸ்க்குக்கு மாற்றிய முதல் மாதத்திலேயே, ஒருவர் தன் சொந்த வண்டிக்கு விலையைக் குறைத்துப் போடச் சொல்லி என்னிடம் சண்டை போட்டார். இப்போது எங்கள் ஷோரூமுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் ட்ரெய்னிங் கொடுக்கிறேன். கம்பெனி அனுப்பும் பாடப் புத்தகத்தில் இந்த மாதிரி கஸ்டமர் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பைக் ஷோரூம் இராமநாதபுரத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது. பழைய வண்டிக்கு விலை போட்டுக்கொண்டிருந்த ஆள் திடீரென்று துபாய்க்குப் போய்விட்டார். மேனேஜர் சகாயம் சார் என்னைக் கூப்பிட்டார்.

“மரகதம், நாளையிலருந்து அந்த டெஸ்க்க நீ பாரும்மா. மாசத்துக்கு ஆறு எக்ஸ்சேஞ்ச் வரணும். வரலேன்னா பழையபடி பில்லிங்தான்.”

பில்லிங்கில் கமிஷன் கிடையாது, எக்ஸ்சேஞ்சில் உண்டு. என் மகள் அந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

வேலை பெரிய வித்தையில்லை. கஸ்டமர் முப்பதாயிரம் என்பார். நாம் பதினைந்து என்போம். கடைசியில் இருபதில் முடியும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்க்க வேண்டும். சைலன்சர் பக்கம் குனிய வேண்டும். எதுவும் பேசக் கூடாது. உதட்டைப் பிதுக்கினால் போதும், கஸ்டமர் தானாக இரண்டாயிரம் இறங்குவார். கண்ணாடி முன்னால் நின்று பிதுக்கிப் பிதுக்கிப் பழகினேன்.

*ஏறாதத்தா, எறங்கு*

தை மாதம் அறுப்பு முடிந்து கையில் காசு புழங்கும் நேரம். மாதக் கடைசி சனிக்கிழமை. ஐந்து எக்ஸ்சேஞ்ச் முடித்திருந்தேன். இன்னும் ஒன்று வேண்டும்.

காலை பத்து மணிக்கு ஒருவர் வந்தார். பெயர் காளிமுத்து. திருவாடானைப் பக்கத்தில் ஒரு கிராமம், நெல் விவசாயம், ஐம்பது வயதிருக்கும். அவர் கொண்டுவந்த வண்டி பதின்மூன்று வருடப் பழசு, நூறு சிசி. ஹெட்லைட்டிலிருந்து பின் மட்கார்டு வரை சேறு. எங்கள் பக்கம் மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவ்வளவு ஈரமான சேறு இவருக்கு எங்கே கிடைத்தது என்று யோசித்தேன்.

“புது வண்டி பாத்துட்டேன். அந்தச் செவப்பு. அதத்தான் எடுக்கப் போறேன். இதுக்கு என்ன போடுவே?” என்றார்.

சுற்றி வந்தேன். செயினைத் தூக்கினேன். குனிந்தேன். பிதுக்கினேன்.

“பதினேழு போடலாம்ணே.”

இருபது வரை ஏற இடம் வைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது.

“பதினேழா? ஏத்தா, ஒனக்குக் கண்ணு தெரியுதா? நல்லாப் பாரு. இதெல்லாம் ஒரு வண்டியா? பத்து போடு.”

கஸ்டமர் முகம் வாடினால் ஏற்ற வேண்டும் என்பதுதான் எனக்குப் பழக்கமாகியிருந்தது. வாய் தானாகச் சொன்னது: “சரிண்ணே, பதினெட்டு வரைக்கும்...”

“ஏறாதத்தா, எறங்கு!”

பிறகு அவரே வண்டியின் குறைகளை விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது கியர் விழாது. ஹாரன் அடித்தால் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. மேடு ஏறாது.

“நம்ம பக்கம் மேடே கெடையாதேண்ணே.”

“இருந்தா ஏறாதுங்கிறேன்.”

நான் எழுந்து மேனேஜர் கேபினுக்குப் போனேன். சகாயம் சார் கடற்கரைக்காரர். தங்கச்சிமடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். எதையும் மீன் ஏலம் போலத்தான் பார்ப்பார்.

“கேட்ட வெலைக்குக் கீழ தள்றான்னா சரக்குல ஏதோ இருக்கும்மா. களவு வண்டியா இருக்கும். ஆர்.சி.ய வாங்கு மொதல்ல.”

வாங்கினேன். வண்டி அவர் அப்பா பெயரில் இருந்தது. அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. காளிமுத்து அண்ணனே வாரிசுச் சான்றிதழையும் மடித்துப் பையில் வைத்திருந்தார். இரண்டு மகன்கள். மூத்தவர் இவர். இளையவர் பெயர் சேதுராசு.

“ஆர்.டி.ஓ. பாரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்ணே. தம்பி எங்க?”

“வாரான். பஸ்ல வாரான்.”

“ஒரே ஊருதானே? பின்னாடி ஒக்கார வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

“அவனும் நானும் பேசி அஞ்சு வருசமாச்சு. ரேசன் கடைக்காரர்கிட்டச் சொல்லி விட்டுத்தான் வரச் சொன்னேன்.”

சொல்லிவிட்டு மேசை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “பழசுக்கு வார பணத்துல பாதி அவனுக்கு. அதான் விசயம். நீ பழசுக்குப் பத்துன்னு போடு. கொறச்ச ஏழாயிரத்தப் புது வண்டி வெலையில கழிச்சிரு. ஒனக்கும் நட்டமில்ல, எனக்கும் நட்டமில்ல.”

சகாயம் சாருக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. “களவு இல்லேல்ல? அப்பச் சரி. நமக்கு ரெண்டும் ஒண்ணுதான். பத்துன்னே எழுதும்மா. மாசக் கடைசி.”

எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. விலையைக் குறைத்துச் சொல்வது என் வேலைதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும். அவரும் கூட்டித்தான் கேட்பார். பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அந்த ஆளுக்கு இது எதுவும் தெரியாது. பத்து என்று எழுதினால் மகளின் ஃபீஸுக்கு ஒரு வழி. எழுதாவிட்டால் மறுபடி பில்லிங் சீட்டு. பேனாவை மூடி வைத்தேன்.

“தம்பி வரட்டும்ணே, ரெண்டு பேரும் இருக்கும்போது போடுறேன்” என்றேன்.

காளிமுத்து அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், என்னையும் பேச்சை நிறுத்த வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது தெரிந்தது.

*என் பாதி*

சேதுராசு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு ஷாம்பு பாக்கெட், ஒரு துண்டுத் துணி. எதிர்க்கடையில் வாங்கியிருக்கிறார். அண்ணனை விடப் பத்து வயது குறைவாக இருக்கலாம். அதே மூக்கு, அதே முன்வழுக்கை. ஷோரூமுக்குள்ளே வரவில்லை. நேராக வண்டியிடம் போய், எங்கள் வாட்டர் வாஷ் குழாயில் தண்ணீர் பிடித்துக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

காளிமுத்து அண்ணன் வெளியே ஓடினார். நானும் ஓடினேன். தம்பிக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினார். “ஏத்தா, வண்டியத் தொடக் கூடாதுன்னு அவன்கிட்டச் சொல்லு!”

நான் சொன்னேன். அவருக்கு ஏற்கனவே கேட்டிருந்தது.

“அக்கா, அவுககிட்டச் சொல்லுங்க. வழியில கம்மாய்க்குள்ள வண்டிய எறக்கிச் சேறு பூசுனத, நின்னு நின்னு வந்த பஸ்ல இருந்து நான் பாத்துட்டேன்னு சொல்லுங்க.”

“இது என் வண்டின்னு சொல்லுத்தா.”

“பாதி எனக்குன்னு சொல்லுங்க. என் பாதிய நான் கழுவுறேன்.”

சொன்னபடியே செய்தார். இடது பக்கம் மட்டும். டேங்க்கின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பளபளவென்று கறுப்பு, அந்தப் பக்கம் கம்மாய்ச் சேறு. சீட்டில் பாதி. ஹெட்லைட்டில் பாதி. நம்பர் பிளேட்டில்கூட இரண்டு எழுத்தைக் கழுவிவிட்டு மற்றதை விட்டுவிட்டார். பிறகு பெட்ரோல் டேப்பைத் திறந்து ஒரே உதையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, “சத்தத்தக் கேட்டீகளாக்கா? தையல் மிசினு மாதிரி இல்ல?” என்றார். நிஜமாகவே நல்ல சத்தம். அணைத்துவிட்டு சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்.

இரண்டு பேரையும் உள்ளே கூட்டிவந்தேன். என் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி. ஆளுக்கு ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடு நாற்காலி காலியாக இருந்தது.

பத்தா, பதினேழா என்று நான் வாயால் சொல்ல வேண்டாம், ஆப் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். அந்த மாதம்தான் கம்பெனி எங்களுக்கு ஒரு புது ஆப் கொடுத்திருந்தது. வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்துப் போட்டால் அதுவே நிலைமையைப் பார்த்து விலை சொல்லும். மனிதர் சொன்னால் பேரம் பேசுவார்கள், மெஷின் சொன்னால் பேச மாட்டார்கள் என்று ட்ரெய்னிங்கில் சொல்லியிருந்தார்கள்.

வெளியே போய் இடது பக்கம் படம் எடுத்தேன். ‘நிலை: நன்று. பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு’ என்று வந்தது. வலது பக்கம் எடுத்தேன். ‘நிலை: மோசம். எட்டாயிரம்.’ முன்பக்கம் எடுத்தேன். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, ‘இரண்டு வண்டிகளை ஒரே படத்தில் எடுக்க வேண்டாம்’ என்றது.

திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன்.

“எட்டுதான் சரி. மிசினு பொய் சொல்லாது. அவன்கிட்டச் சொல்லு” என்றார் அண்ணன்.

“பத்தொம்பதரைன்னு சொன்னதும் அதே மிசினுதான்னு சொல்லுங்க” என்றார் தம்பி.

“களவாணிப் பயன்னு சொல்லுத்தா.”

ஒரு கஸ்டமர் இன்னொரு கஸ்டமரை அப்படிச் சொன்னதை நான் எப்படிச் சொல்வது? “அண்ணன் கொஞ்சம் வருத்தப்படுறாரு” என்றேன்.

சேதுராசு என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்னக்கா, அவுக களவாணிப் பயன்னுல்ல சொன்னாக?”

“ஆமா, அதத்தான் சொன்னேன்” என்றார் அண்ணன், சுவரைப் பார்த்து. “நீ ஏத்தா மாத்திச் சொல்றே?”

அன்றைக்கு அவர்கள் இருவரும் முதன்முதலாக ஒத்துப்போனது, நான் சரியாகச் சொல்லவில்லை என்ற விஷயத்தில்தான். அதன் பிறகு சொல்லை மாற்றாமல் அப்படியே சொன்னேன். இரண்டு மணி நேரம் அப்படி நடந்தது. காது கேட்கிற இரண்டு பேருக்கு நடுவில், அவர்கள் காதில் விழுந்ததையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபைனான்ஸ் கவுன்டரில் லோன் போட வந்த ஒருவர், எழுந்து வந்து பக்கத்து சோபாவில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பொறுமை போய் நான் ஒரு வார்த்தை விட்டேன். “எக்ஸ்சேஞ்சே வேணாம்ணே. உங்கள்ல ஒருத்தர் இந்த வண்டிய வச்சுக்கிட்டு, அடுத்தவருக்குப் பாதி வெலையக் குடுத்துருங்க.”

சேதுராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்ல ரோசனை. நானே எடுத்துக்கிறேன். அவுக சொன்ன வெலைக்கே எடுத்துக்கிறேன். எட்டாயிரம். பாதி நாலாயிரம். இந்தாங்க, இப்பவே குடுங்க அவுககிட்ட.”

பையிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்.

காளிமுத்து அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “எட்டாயிரமா? எங்கய்யா வண்டியவா? ஏத்தா, அந்த இஞ்சினு தங்கம்னு சொல்லு! இருபத்தஞ்சுக்குக் கொறஞ்சு தர முடியாதுன்னு சொல்லு!”

“மூணாவது கியர் விழாதுன்னு சொன்னீங்களேண்ணே” என்று நானாகக் கேட்டேன்.

“விழும். வெண்ணெய் மாதிரி விழும்.”

“மேடு?”

“மலையே ஏறும்!”

“இந்த ஓட்ட வண்டிக்கு நாலாயிரமே சாஸ்தின்னு சொல்லுங்கக்கா” என்றார் தம்பி. சொன்னதோடு நிற்கவில்லை. விறுவிறுவென்று வெளியே போனார். வலது பக்கத்திலிருந்து ஈரச் சேற்றை ஒரு கை அள்ளி, தான் கழுவிய இடது பக்கத்தில் பூச ஆரம்பித்தார். பின்னாலேயே போன அண்ணன், கீழே கிடந்த வாளியை எடுத்து வலது பக்கத்தைக் கழுவ ஆரம்பித்தார். மிச்சமிருந்த ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்.

சகாயம் சார் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார். “மரகதம், இதுல யாரும்மா விக்கிறது, யாரு வாங்குறது?”

நான் மணியைப் பார்த்தேன்.

*சாம்பார் சாதம்*

மணி ஒன்றரை. பசி. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்னால் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஆறாவது எக்ஸ்சேஞ்ச் போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சாம்பார் சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டேன். பில்லிங் சீட்டில் ஃபேன் நன்றாக வரும், அது ஒரு சௌகரியம்தான் என்றெல்லாம் நினைத்தேன்.

கை கழுவும்போது வெளியே பெரிய சத்தம் கேட்டது. அடிதடிதான் என்று ஓடினேன். அடிதடி இல்லை. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆள் இல்லாததால் ஒருவருக்கொருவர் நேரடியாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போனதை அவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை.

“ஏலே சேதுராசு, ஒன்னால எங்க சம்பந்தகாரரு முன்னால நான் பட்ட அவமானம் கொஞ்சமா? வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு, வண்டியத் திருவாடானை வரைக்கும் உருட்டுனேன்டா. ‘என்ன மாப்ள, வண்டிக்கு நடக்கச் சொல்லிக் குடுக்குறீகளா’ன்னு கேட்டாருடா அந்த மனுசன். டேங்க்குல ஒரு சொட்டு இல்லாம வச்சிருந்தீல்ல!”

“நான் ஒரு லிட்டர் போட்டு வச்சேன்ணே! மாமனார் வீட்டுல இருந்து வரும்போது போட்டேன். இதத்தான் அன்னைக்கும் சொன்னேன். நீ கேக்கலையே!”

“போட்ட பெட்ரோலு எங்கடா போகும்? பூமியா குடிச்சிச்சு?”

ஐந்து வருடப் பகை அதுதானாம். ஒரு லிட்டர் பெட்ரோல்.

அப்போது சர்வீஸ் பக்கத்திலிருந்து எங்கள் சீனியர் மெக்கானிக் அன்சாரி ஓடிவந்தார். “யா அல்லா! யாரும் தீப்பெட்டிய எடுத்துறாதீங்க! தள்ளுங்கண்ணே, தள்ளுங்க!”

எல்லோரும் கீழே பார்த்தோம். வண்டி கழுவிய தண்ணீர் தேங்கி நின்றது. அதன் மேல் நிறம் நிறமாக ஒரு படலம் மிதந்தது. வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அன்சாரி குனிந்து பெட்ரோல் டேப்பை மூடினார். சொட்டு நின்றது.

“டேப்புல வாசர் போயிருக்கு. தொறந்து வச்சுச் சைடு ஸ்டாண்டுல நிறுத்துனா ஒழுகிக்கிட்டே இருக்கும். இது இப்ப போனது இல்ல, ரொம்ப வருசமா இருக்கு. யாருண்ணே தொறந்து விட்டது?”

“நான்தான்” என்றார் சேதுராசு. “சத்தம் போட்டுக் காட்டுறதுக்காகத் தொறந்தேன்.” பிறகு அண்ணனைப் பார்த்தார். “அன்னைக்கும் தொறந்துதான் வச்சிருந்தேன்.”

காளிமுத்து அண்ணன் குனிந்து டேப்பைப் பார்த்தார். அன்சாரிதான் விடாமல் கேட்டார். “இத்தன வருசமா வண்டிய வச்சிருந்தது யாரு? ஓட்டுறவருக்கு வாடையிலயே தெரிஞ்சிருக்குமே?”

“நான்தான்” என்றார் அண்ணன். “எப்பவும் டேப்ப மூடித்தான் நிறுத்துவேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. சோபாக்காரர்கூட வெளியே வந்து நின்றிருந்தார்.

“அப்ப ஒழுகும்னு ஒனக்குத் தெரியும்” என்றார் சேதுராசு மெதுவாக.

“தெரியும்டா.”

“எப்ப இருந்து?”

“நம்ம பேச்சு நின்னு ஒரு மாசத்துல தெரிஞ்சு போச்சு.”

“அப்பறம் ஏண்ணே அஞ்சு வருசம்?”

காளிமுத்து அண்ணன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். நுரை முழங்கை வரை இருந்தது. “எப்படிடா வந்து சொல்றது? ஊரக் கூட்டித் திட்டிட்டேன். ஒம் பொண்டாட்டி காதுல விழுகுறாப்புல திட்டிட்டேன். நானா வந்து, ஏலே, தப்பு வண்டியோடதுதான்னு எப்படிச் சொல்ல? நீயா வருவேன்னு பாத்தேன். நீ வரல.”

“நான் எப்படி வருவேன்? களவாணிப் பயன்னுல்ல சொன்னே.”

“அதான் இப்பவும் சொன்னேனே. இப்ப வந்தீல்ல?”

சேதுராசு சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். ஷாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

அன்சாரி டேப்பைக் கழற்றப் போனார். நான் உள்ளே வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கும் கண்ணில் ஏதோ பட்டிருந்தது.

*போனஸ்*

நல்ல மனது கொண்டவர்கள் இதை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். நான் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம்.

பதினைந்து நிமிடம் கழித்து இருவரும் உள்ளே வந்தார்கள். நடு நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஒட்டி உட்கார்ந்தார்கள்.

“பழைய வண்டிய நாங்க தரல” என்றார் காளிமுத்து அண்ணன். “அது தம்பிக்கு. பாதிப் பணமெல்லாம் எனக்கு வேணாம்.”

“அதெப்படி? குடுத்துட்டுத்தான் எடுப்பேன்” என்றார் தம்பி.

“வேணாங்கிறேன்ல.”

“சும்மா எடுக்க நான் என்ன இல்லாதவனா?”

புதுச் சண்டை கிளம்பப் போகிறதென்று பயந்து, “அத ஊர்ல போய்ப் பேசிக்கலாம்ணே, புது வண்டியப் பாப்போம்” என்று நான் குறுக்கே விழுந்தேன். அதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

காலையிலிருந்து ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த அத்தனை பலமும் இப்போது எங்கள் மேல் இறங்கியது. தம்பி எழுந்து, “வாண்ணே, பரமக்குடியில போய்ப் பாப்போம்” என்பார். அண்ணன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, “இருடா, பாவம் அந்தப் புள்ள, இன்னும் ரெண்டாயிரம் கொறைக்கும்” என்பார். நான் குறைப்பேன். அடுத்த முறை அண்ணன் எழுந்துகொள்வார், தம்பி உட்கார வைப்பார். ஐந்து வருடம் பேசாத இரண்டு பேருக்கு இந்த ஒத்திகை எப்போது கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடைசியில் சகாயம் சாரே வந்து உட்கார்ந்தார். அவரிடம் தம்பி கேட்டார். “பழைய வண்டி குடுத்தா மூவாயிரம் எக்ஸ்சேஞ்ச் போனஸ்னு வெளிய போர்டு வச்சிருக்கீகளே, அதக் கழிங்க.”

“வண்டியத் தரலன்னுட்டீங்களே. தராத வண்டிக்கு எப்படிப் போனஸ் தர்றது?”

“இங்க வரும்போது பழைய வண்டி அண்ணன்கிட்ட இருந்துச்சு. போகும்போது என்கிட்ட இருக்கு. அண்ணன்கிட்டப் புது வண்டி இருக்கு. கை மாறிச்சா இல்லையா? இங்க வச்சுத்தானே மாறிச்சு?”

சகாயம் சார் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

“மிசினு வேற ரெண்டு வெல சொல்லிக் கொழப்பிவிட்டுச்சு” என்றார் அண்ணன். “அதுக்கு என்ன பதில்?”

மூவாயிரம் போனது. அதற்கு மேல் இரண்டு ஹெல்மெட், சேலை கார்டு, சீட் கவர். பழைய வண்டிக்குப் புது வாசர், கூலி இல்லாமல். அன்றைக்கு நாங்கள் விற்ற வண்டிகளில் மிகக் குறைந்த லாபத்துக்குப் போனது அந்தச் சிவப்பு வண்டிதான். சாயங்காலம், புது வண்டியில் தம்பியும் பழைய வண்டியில் அண்ணனுமாகக் கிளம்பினார்கள். ஏன் மாற்றி ஓட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு ஆயிரம் குறைந்திருக்கும்.

“எக்ஸ்சேஞ்ச் டெஸ்க்குல ஒக்காந்து எக்ஸ்சேஞ்சையே ஒழிச்சுட்டியேம்மா” என்றார் சகாயம் சார். “வலைக்குள்ள வந்த ரெண்டு மீனையும் ஒண்ணு சேத்து, வலையவும் கிழிச்சு விட்டுட்டே.” ஆனால் மாதக் கணக்கு அனுப்பும்போது எக்ஸ்சேஞ்ச் ஆறு என்றுதான் எழுதியிருந்தார். நான் பார்த்துவிட்டதைப் பார்த்து, “போனஸ் குடுத்தோம்ல? அப்ப எக்ஸ்சேஞ்ச்தான்” என்றார். சேதுராசுவின் வாதம் அவருக்கும் உபயோகப்பட்டது.

அதற்குப் பிறகுதான் திருவாடானைப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் என் பெயரைச் சொல்லிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பங்காளிகள் வந்தார்கள். பிரிந்துபோன ஒரு தம்பதி ஒரு ஸ்கூட்டருடன் வந்தார்கள். கடையைப் பிரித்துக்கொண்ட இரண்டு கூட்டாளிகள் ஒரு டெலிவரி வண்டியுடன் வந்தார்கள். சிலர் விற்றார்கள், சிலர் விற்காமல் போனார்கள். இரண்டிலும் எனக்கு வேலை இருந்தது. பில்லிங் சீட்டுக்கு நான் திரும்பிப் போகவே இல்லை.

புதிதாக வருகிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டியைக் கொண்டுவந்தால், விலை சொல்வதற்கு முன்னால் அந்தப் பணம் யார் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் சொல்லும் விலையை எழுதாதீர்கள். மேனேஜர் சொன்னாலும் எழுதாதீர்கள். அவர்களுக்குள் பேச்சு நடந்தால் நடுவில் உட்காராதீர்கள். புது வண்டி விலையை மட்டும் அவர்கள் சமாதானமாவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஆர்.சி. யார் பெயரில், இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி, யாரோடு சண்டை என்பதுதான்.

இதை ட்ரெய்னிங்கில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். போன வாரம் மாரியூரிலிருந்து ஒருவர் வந்தார். தனி ஆள், வண்டி சொந்தப் பெயரில், பேப்பர் எல்லாம் சுத்தம், பங்கு கேட்க ஒருவரும் இல்லை. நல்ல வண்டி, மூன்று வருடம்கூட ஆகவில்லை. நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டே பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: “யாரோட சண்டைண்ணே?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டார்.

“எங்க மாமனாரோட” என்றார். “ஒங்களுக்கு யாரு சொன்னா?”